தராசுக் காலுக்கு அடியில்

பற்றரியைப் போட்டு மூடியை அடைத்ததுதான் தாமதம், கமரா உர்ரென்று உறுமி ஒரு வெள்ளைத் தாளை வெளியே தள்ளியது.

ரிப்கான் பொத்தானைத் தொடவே இல்லை.

"சரிதான், ஒண்டு வீணாப் போச்சு" என்றான், கற்பிட்டி ஜெட்டி முழுக்கக் கேட்கும்படி.

உள்ளே இருந்ததே கொஞ்சப் படத் தாள்கள். அவையும் காலாவதியானவை, இனிமேல் தேடினாலும் கிடைக்காதவை. ஒரு படம் எடுக்குமுன்னமே இந்தக் கிழட்டுச் சனியன் ஒன்றைத் துப்பிவிட்டது.

ஆத்திரத்தில் தாளைக் கசக்கப் பார்த்தான். அது கசங்கவும் மாட்டேன் என்றது.

பக்கத்தில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த சாரா உம்மா கையை நீட்டினார். அவருடைய தராசு காலையிலிருந்து ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. தாளை வாங்கித் தராசின் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது.

அதற்காவது உதவட்டும் என்று ரிப்கான் நடந்தான்.

கமரா மச்சானுடையது. டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை இந்த ஜெட்டியில் நிறுத்திப் படமெடுத்து, சுடச்சுடக் கையில் கொடுப்பதுதான் அக்ரம் மச்சானின் தொழில். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பகல் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிய அவர் மனைவி, ரிப்கானின் ராத்தா, வீட்டுப் படியேறுமுன் மௌத்துச் செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

கமராவும் அன்றைக்கே வாயை மூடிக்கொண்டது. பழுது என்று அலுமாரிக்குள் வைத்துவிட்டார்கள். பாலாவிச் சந்தியில் புதுப் பற்றரி வாங்கிப் போட்டுப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவன் ரிப்கான்தான். தன் வாயைத்தான் அடிக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது.

புருஷன் மௌத்தானதிலிருந்து அஸ்ரியா ராத்தா இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது. தம்பியிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவர் கடைசியாப் பாத்தத நானும் பாக்கோணும், ரிப்கான். போன்ல வேணாம். அவர்ட கமராவில எடுத்துட்டு வா."

போனில் என்றால் ஐந்து நிமிட வேலை. இதற்காகத் தில்லையடியில் கடையைச் சாத்திவிட்டு, வெயிலில் பஸ் ஏறி வந்திருந்தான்.

மச்சான் கடைசியாக எதைப் பார்த்தார் என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் எடுத்துவிடுவது என்று தீர்மானித்தான்.

ஒல்லாந்தர் கோட்டைக்குக் கமராவைத் தூக்கியதும், வாசலில் நின்ற காவல்காரர் தள்ளிப் போகச் சொல்லிக் கையசைத்தார். தள்ளிப் போய் எடுத்தால் கோட்டை தீப்பெட்டி அளவுக்குத்தான் வந்தது. பழைய தேவாலயத்துக்கு முன்னால் ஒரு ஆடு வந்து நின்றது. விரட்டினான், போனது. பொத்தானை அமத்தினான், திரும்பி வந்தது.

ஜெட்டியில் கேட்கவே வேண்டாம். கமராவை அடையாளம் கண்ட மீன்காரர்கள், கடலை மறைத்துக்கொண்டு வரிசையாக நின்று சிரித்தார்கள். ஒருவர் அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்று சட்டைப் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கிவிட்டார். ரிப்கானுக்கு அழுகை வராத குறை.

ஒவ்வொரு தாளும் வெளியே வர வர, சாரா உம்மாவிடம் ஓடிப்போய்க் கொடுத்து, "பத்திரமா வைங்க" என்றான். அவரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

கடைசித் தாளையும் எடுத்து முடித்து வந்து பார்த்தான்.

பாயில் பாரைக் கருவாட்டுக்குப் பக்கத்தில், உச்சி வெயிலில், படங்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"ஈரமா இருந்திச்சி, தம்பி. அதான் காயப் போட்டன்" என்றார் சாரா உம்மா, நல்லது செய்த முகத்தோடு.

கோட்டை இல்லை, தேவாலயம் இல்லை, ஆடுகூட இல்லை. எல்லாம் சோற்றுக் கஞ்சி நிறத்தில் வெளுத்து, ஓரம் சுருண்டு கிடந்தன. வெளியே வரும் தாளை மச்சான் சட்டைக்குள் ஒளித்து வைப்பது இப்போதுதான் ரிப்கானுக்கு நினைவு வந்தது. உரு தெரியும்வரை அது வெளிச்சம் காணக் கூடாதாம்.

யாரைத் திட்டுவது? இந்தக் கரையில் ஈரமான எதையும் பழுதாகாமல் வைத்திருக்க மனுசர் செய்வதைத்தான் அவர் செய்திருந்தார். தன்னைத் திட்டலாம் என்றால், காலையிலிருந்து திட்டித் திட்டி வார்த்தையும் மிச்சமில்லை.

கமரா காலி. ராத்தாவின் முகத்தில் எப்படி விழிப்பது? அப்படியே தரையில் குந்திவிட்டான்.

சாரா உம்மா அவனைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பிறகு தராசைத் தூக்கி, காலடியில் செருகியிருந்த தாளை உருவி, முந்தானையால் துடைத்து நீட்டினார். தராசு மறுபடி ஆடத் தொடங்கியது.

எரிச்சலோடுதான் வாங்கினான். வீணாய்ப் போன தாளை வைத்து என்ன செய்வது?

அது வெள்ளையாக இல்லை.

ஜெட்டிப் பலகைகள் தெரிந்தன. ஓரத்தில் கொஞ்சம் கடல். அவன் எடுக்காத படம். பற்றரி செத்து, இரண்டு மாதமாகக் கமராவுக்குள்ளேயே நின்றுவிட்ட படம்.

நடுவில் அஸ்ரியா ராத்தா. ஒரு கையில் சோற்றுப் பார்சல், மறு கை 'எடுக்காதீங்க' என்று பாதி உயர்ந்திருக்க, முதலில் சாப்பிட்டுத் தொலையுங்கள் என்பதுபோல் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.