பாம்புக் காது கோச்

"ஏங்க, இந்த வருஷம் ரியோஹெய்க்கு டீம்ல இடம் கிடைக்கலைன்னா அவன் நேரா நம்ம வீட்டுக்குத்தான் வருவான். சொல்லிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்."

மனைவி சனயே ஃபோனை வைத்துவிட்டாள். மியாசாகி ஊரில் அணியின் பயிற்சி முகாமில் இருந்த தோகிவாவுக்கு அந்தப் பிப்ரவரிக் குளிரிலும் வியர்த்தது. மைத்துனன் ரியோஹெய் போன குளிர்காலத்தில் இரண்டு மாதம் வந்து தங்கியவன். தினமும் குளியல் தொட்டியில் முதல் ஆளாக இறங்கி ஒரு மணி நேரம் ஊறுவான். சோற்றுப் பானையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டான். தோகிவா மெத்தை விரிக்கும் இடத்தில் அவனுடைய இரும்புக் குண்டுகள் கிடந்தன. இந்த முறை அணி கைவிட்டால் நிரந்தரமாகவே வந்துவிடுவான்.

பேஸ்பாலில் ரியோஹெய் மாற்றுப் பந்துவீச்சாளன். ஆட்டத்தின் கடைசியில் இறங்கி, கையில் இருக்கும் வெற்றியைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். அவன் இறங்கினால் பெரும்பாலும் வெற்றி எதிரணிக்குப் போய்விடும். புது சீசனுக்கு அப்படிப்பட்ட ஏழு பேர் தேவை. ஆறு பேர் முடிவாகியாயிற்று. ஏழாவது இடத்துக்கு ரியோஹெயும், புதிதாகச் சேர்ந்த குகிமியா என்ற வேகக்காரனும் போட்டி.

தேர்வு செய்பவர் ஒரிகாசா கோச். அவருக்குப் பாம்புக் காது என்று அணி முழுக்கப் பேச்சு. கண் ஏமாற்றும் என்று சொல்லி, பந்து வீசுபவனுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கையுறையில் பந்து விழும் ஓசையை வைத்தே அதன் உயிரை எடைபோடுவாராம். பேசும்போது எதிராளியின் வாயையே உற்றுப் பார்ப்பார். பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் அப்படிப் பார்க்கிறார் என்று வீரர்கள் நடுங்குவார்கள்.

அந்த ஓசையை உண்டாக்குகிறவன் தோகிவா. பயிற்சியில் பந்து பிடிப்பது மட்டுமே பதினாறு வருடமாக அவன் வேலை. பந்தைக் கையுறையின் வலைப் பகுதியில் சரியாக வாங்கினால் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம் வரும், கையும் வலிக்காது. உள்ளங்கையில் வாங்கினால் சத்தம் செத்துப்போகும், வலியில் பிடிப்பவன் உயிரும் போகும். எந்தப் பந்தை எங்கே வாங்குவது என்பது அவன் கையில் இருந்தது.

முதலில் ரியோஹெய் நாற்பது பந்து வீசினான். பந்துகள் சோம்பலாக வந்தன. தோகிவா ஒவ்வொன்றையும் வலையில் வாங்கிப் பளார் பளார் என்று வெடிக்க வைத்தான். வேலிக்கு வெளியே நின்ற ரசிகர்கள் கைதட்டினார்கள். கோச் அசையவில்லை. முடிந்ததும் வழக்கம்போல எழுந்துபோய், மைதானத்தோர விற்பனை இயந்திரத்திலிருந்து சுடச்சுட ஒரு காபி டப்பாவை எடுத்து வந்து, கையுறையைக் கழற்றிய தோகிவாவின் இடது கையில் வைத்தார். ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் ஒரு டப்பா தருவது அவர் பழக்கம். தோகிவா அதைச் சாவகாசமாகப் பிடித்துக்கொண்டு குடித்தான்.

"மச்சான், உங்க கைக்குக் கோயிலே கட்டலாம்" என்று ரியோஹெய் காதோடு சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்து குகிமியா வந்தான். அவன் பந்து சீறியது. தோகிவா பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பதையும் உள்ளங்கையிலேயே வாங்கினான். ஈரத்துணியைத் தரையில் போட்டதுபோல தொப், தொப் என்றது. குகிமியாவின் முகம் வாடிப்போயிற்று. தன் பந்துக்கு என்ன ஆயிற்று என்று அவன் தயங்கிக் கேட்டபோது தோகிவாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தக் குளியல் தொட்டி நினைவுக்கு வந்தது.

கோச் மறுபடியும் டப்பா கொடுத்தார். கை பன் மாதிரி வீங்கியிருந்தது. சூடு பட்டதும் தோகிவா துள்ளினான், டப்பா நழுவி உருண்டது. கோச் அதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு நோட்டில் ஒரு பெயரை எழுதினார்.

தோகிவா நோட்டை எட்டிப் பார்த்தான். குகிமியா என்று இருந்தது.

பந்து பிடிக்கும்போது மாட்டும் முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் கோச்சின் முன்னால் போய் நின்று படபடவென்று ஏதேதோ கேட்டான்.

"அதைக் கழட்டிட்டுப் பேசு" என்றார் கோச்.

கழற்றினான். "கோச், ரியோஹெய் பந்து வெடிச்சது. இவன் பந்து செத்த மாதிரி விழுந்தது. நீங்கதான் சத்தத்தைக் கேட்டீங்களே."

ஒரிகாசா அவன் வாயையே உற்றுப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் தோளில் கைபோட்டார்.

"உங்கிட்ட மட்டும் சொல்றேன், வெளியில விட்டுடாதே. எனக்கு ரெண்டு காதும் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. நாற்காலியில நான் போடறது குட்டித் தூக்கம்தான். எவன் பந்தைப் பிடிச்ச அப்புறம் உன்னால காபி டப்பாவைப் பிடிக்க முடியலையோ, வருஷா வருஷம் அவனைத்தான் எடுத்துக்கறேன்."