ஓடைக்கு வடக்கே

எந்தப் பொருளைக் கண்டாலும், அது என்ன என்று கேட்பதற்கு முன்னால் எங்கே கிடந்தது என்று கேட்பது ஜெனிபாவின் வழக்கம்.

தொலைந்த மூக்குக்கண்ணாடி கிடைத்தால்கூட அப்படித்தான்.

கல்லூரியில் வரலாறு நடத்தும் அவள் ஆராய்வது ஆங்கிலோ-சாக்சன் குடியிருப்புகளை. சங்கரன்கோவிலில் இருந்துகொண்டே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்தை அவள் பார்ப்பது தம்பி ஜாஸ்பரின் கண்களால்.

அங்கே நர்ஸாக இருக்கும் ஜாஸ்பர், ஓய்வு நாள்களில் நிலக்காரரின் அனுமதியோடு, மெட்டல் டிடெக்டரும் கையுமாக உழுத வயல்களில் நடப்பான். களிம்பேறிப் பச்சை பூத்த பழைய ஊக்கோ இடைவார்ப் பூட்டோ அகப்பட்டால், படமும் இடமும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

ஜெனிபா வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பாள்.

மூன்று ஆண்டுகளில் புள்ளிகள் ஊராயின. ஓடைக்குத் தெற்கே பெண்கள் மேலாடையில் குத்திய ஊக்குகள், அங்கே வீடுகள். வடக்கே உருகி உறைந்த வெண்கலத் துணுக்குகள், அங்கே கொல்லர்கள். எவரும் அறியாத அந்தத் தனிக் கொல்லர் குடியிருப்பைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. இன்று மாலைக்குள் இறுதிப்படியை அனுப்பியாக வேண்டும்.

லீவில் வந்திருந்த தம்பியைக் கூப்பிட்டு, பெருமை பொங்க வரைபடத்தைக் காட்டினாள்.

அவன் ஓடைக்கு வடக்கே இருந்த புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டான். 

“ஓடைக்கு வடக்க நான் காலே வைக்கலக்கா. எல்லாம் தெக்க, ஒரே வயல்ல கிடைச்சது. ஒரு வருசமா உனக்கு இடத்தை மாத்தித்தான் அனுப்புதேன்.”



கரிவலம்வந்தநல்லூரில் எடுத்த பாட்டிமார் காதணியான பாம்படத்தைச் சிவகிரியில் எடுத்ததாகச் சொன்னால், சிவகிரியில் வாழாத ஒருத்தி வாழ்ந்தவளாகிவிடுவாள். இங்கே ஒரு கொல்லர் தெருவே அப்படி முளைத்திருந்தது.

அதுவும், கூடப்பிறந்தவன் கையால்.

“ஏலே, தெரிஞ்சேவா செஞ்சே?”

“தெரிஞ்சேதான். போன வருசம் உன் மொதக் கட்டுரை வந்தப்ப, வார்டுல எல்லாருக்கும் காட்டணும்னு பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன். என் பேரைத் தேடித் தேடிப் பாத்தேன்க்கா.”

அதில் இருந்தது, ‘கண்டெடுத்தவர்: உள்ளூர்வாசி ஒருவர்.’

பேராசிரியர்கள் படிக்கும் இதழில், தோண்டியெடுத்தவன் தன் தம்பி, ஒரு நர்ஸ், என்று தெரிந்தால் கட்டுரையின் கனம் குறைந்துவிடும் என்று அன்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

“உண்மையான இடத்தைச் சொல்லு,” என்றாள்.

அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். வடக்கே ஒரு புள்ளியும் மிஞ்சவில்லை. கொல்லன் ஒதுங்கி வாழவில்லை. வீடுகளுக்கு நடுவிலேயே உலை மூட்டியிருக்கிறான்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதினாள். பிறகு, பழைய கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு இன்னொரு கடிதம்.

‘கண்டெடுத்தவர் என் தம்பி ஜாஸ்பர் தேவசுந்தரம். அவர் பெயர் மறதியால் விடுபட்டுவிட்டது.’

தம்பியை ஒருமுறை பார்த்தாள்.

கடைசி வாக்கியத்தை அழித்துவிட்டு, ‘அவர் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்’ என்று எழுதி அனுப்பினாள்.