ஈரக்கை

மீன்பெட்டி மேல் ஏறி நிற்கும் சிலுவையம்மாள், சுவரிலுள்ள பழைய பித்தளை சுவிட்சின் துருப்பிடித்த திருகாணியை மீன்கத்தி முனையால் திருகுகிறாள். பழகாத வேலை. கத்தி வழுக்கி விரலைக் கீறுகிறது. வாங்கிவந்த புது சுவிட்ச் ஜன்னலில் இருக்கிறது. அவள் கரண்ட் வராமலிருக்க பீஸ்கட்டையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டதால் முன்கட்டு ரேடியோ ஊமையாகிவிட, வீட்டுச் சொந்தக்காரர் மாசானம் கொதித்துக்கொண்டு வருகிறார். “சுவிட்சுல ஒரு கோளாறும் இல்ல. ஈரக்கையோட தொட்டா அடிக்கத்தான் செய்யும். கட்டையக் குடு!” “மீன் விக்கிறவ கை எப்ப அண்ணாச்சி காயும்? நேத்து எம் பொண்ணத் தூக்கிப் போட்டுச்சி!” விடுவிடுவென்று இறங்கிக் கட்டையை மாட்டுகிறாள். ரேடியோ பாடுகிறது. செதில் மிதக்கும் தண்ணீர்ச் சட்டியை அவர்முன் நீட்டுகிறாள். “சுவிட்சு நல்லாத்தானே கீது? கைய நனைச்சிகினு நீயே போடு.” மாசானம் தம் காய்ந்த கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே நிற்கிறார்.