நீலச் சன்னங்கள்

சாருஜா ஐஸ்கிரீம் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே துப்பாக்கிக்குப் போடும் ஈயச் சன்னங்களும் ஒரு பிடி நீலத் தூளும்.

பக்கத்தில் நின்று என் சகலன் சிறீதரன் மேசையில் தாளம் போட்டான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டில் என்னோடு அவள் அப்படிச் சிரிப்பதில்லை.

என் மகள். அவனுடைய கராஜ்.

நான் வாசலிலேயே நின்றேன். கைகள் இரண்டும் ஜாக்கெட் பைக்குள் இருந்தன. அவளை ஏற்றிப்போக வந்தவன் என்ற சாட்டு எனக்கு எப்போதும் உண்டு.

சுவிஸில் நாங்கள் இருக்கும் வில் நகரத்துத் துப்பாக்கி சுடும் கழகத்தில் அவளைச் சேர்த்துவிட்டவன் அவன்தான். குறி பார்க்கப் பழக்கியவனும் அவன்தான். ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, சித்தப்பாவும் பெறாமகளுமாகத் தாங்களே சன்னம் செய்கிறார்கள்.

இதுவரை சன்னத்துக்குத் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்த பசைதான் பூசினார்கள். சனிக்கிழமைகளில் அவள் பிசுக்குக் கையோடும் புகை மணத்தோடும் வீட்டுக்கு வருவாள். அந்த மணம் எனக்கு ஆகவே ஆகாது. அது அவன் வீட்டு மணம்.

இனிப் பசை வேண்டாமாம். யன்னல் சட்டத்துக்கு அடிக்கிற நிறத்தூளைச் சன்னத்தில் ஒட்டவைத்து, போறணைச் சூட்டில் வேகவைத்தால் தோல் மாதிரிப் பிடித்துக்கொள்ளுமாம். புகை குறையும், கை அழுக்காகாது, துவக்குக் குழலுக்குள் ஈயமும் படியாது. இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தவள் சாருஜா. கண்டுபிடித்ததும் முதலில் சொன்னது அவனுக்கு.

இன்றைக்குப் பூச்சு சரியாகப் பிடித்தால், நாளைக்குக் கழகப் போட்டியில் இந்த நீலச் சன்னங்களோடுதான் சுடுவாள். பக்கத்தில் நின்று தோளில் தட்டப்போவது அவன்.

பிடிக்கக்கூடாது, பிள்ளையாரே, என்று வேண்டிக்கொண்டேன். பெற்ற பிள்ளையின் காரியம் பிழையாகிப்போகவேண்டும் என்று எந்தத் தகப்பனாவது வேண்டுவானா? நான் வேண்டினேன். அவனிடமிருந்து அவள் ஒரு கோபத்தோடு திரும்பி வந்தால் எனக்குப் போதும்.

சன்னங்களைத் தட்டில் அடுக்கி வேகவைத்து, வெளியில் எடுத்து ஆறவைத்தார்கள். எல்லோருக்கும் கோப்பி வந்தது. எனக்கு என் மச்சாள் இந்திரா வாசலுக்கே கொண்டுவந்து தந்தாள். சிறீதரன் ஒருநாளும் என்னை உள்ளே கூப்பிடுவதில்லை. இந்தச் சன்னப் பெட்டியை ஒருக்கால் பிடியுங்கோ அண்ணை என்று கேட்டதும் இல்லை. அவ்வளவு தலைக்கனம்.

சாருஜா பஞ்சில் அசிட்டோனை நனைத்து ஒரு சன்னத்தை அழுத்தித் தேய்த்தாள். வேகாத பூச்சு என்றால் நிறம் பஞ்சில் இறங்கும். நான் எட்டிப் பார்த்தேன்.

பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

பிறகு சுத்தியல். சன்னம் வடை மாதிரித் தட்டையாகிப்போனது. நீலம் வெடிக்கவும் இல்லை, உரியவும் இல்லை. இருவரும் கைதட்டிக் குதித்தார்கள். பிள்ளையாரும் அவன் பக்கம்.

அப்போதுதான் அவள் தட்டிலிருந்து ஒரு சன்னத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் ஓடிவந்தாள்.

"அப்பா, கையை நீட்டுங்கோ. எவ்வளவு வழுவழுப்பு எண்டு பாருங்கோ."

அவனை விட்டுவிட்டு என்னிடம். இதற்காகத்தானே இத்தனை காலம் வாசலில் நின்றேன்.

பைக்குள் என் விரல்கள் விரிந்தன. கையை வெளியில் எடுக்கவில்லை.

அவள் முகம் வாடிப்போனது. "உங்களுக்கு நான் சுடுறதே பிடிக்கேல்லை, என்ன? ஒருநாளும் பிடிக்கேல்லை."

சிறீதரன் விறுவிறுவென்று வந்து சன்னத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "ஆறேல்லை, பிள்ளை. அப்பான்ர கை வெந்துபோம்."

அவள் வெறுங்கையில் கொண்டுவந்த சன்னம் அது. பச்சைப் பொய். சொல்லிவிட்டு அவன் என் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தான்.

அவனுக்குத் தெரியும். எப்போதோ தெரிந்திருக்கிறது. அதனால்தான் உள்ளே கூப்பிடவில்லை, பெட்டியைத் தரவில்லை, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மானத்தை இத்தனை நாளும் பொத்திப் பொத்திக் காப்பாற்றியிருக்கிறான்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என் பிள்ளைக்கு முன்னால் எனக்காகப் பொய் சொல்லவும் அவன்தானா வேண்டும்?

"சூடு இல்லை," என்றேன். "எனக்குத் தொட அனுமதி இல்லை, பிள்ளை. இலங்கைப் பாஸ்போர்ட் வைச்சிருக்கிற ஆக்கள் இங்க துவக்கு, வெடி ஒண்டும் தொடக்கூடாது. சட்டம்."

வெறும் ஈயமும் அந்தச் சட்டத்தில் அடங்குமோ, எனக்குத் தெரியாது. அரசாங்கக் கந்தோரில் போய்க் கேட்கவும் பயம். கேட்டதையே ஒரு குற்றமாக எழுதிவைத்தால்? குடியுரிமைக்கான ஜேர்மன் மொழிச் சோதனையில் இரண்டுதரம் விழுந்தவன் நான். இனியும் ஒருதரம் எழுதவேண்டியிருக்கிறது.

பெண் பிள்ளைக்குத் துவக்கு எதற்கு என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரியும் அப்பனாக அவள் என்னை நினைக்கட்டும் என்று விட்டிருந்தேன். இந்த நாடு நம்பித் தொட விடாத ஆளின் மகள் நான் என்று அவள் நினைப்பதைவிட அது மேல்.

என்னைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள்.

"அப்ப சித்தப்பா?"

"அவர் சுவிஸ்."

ஏதோ பிழை செய்துவிட்டவள் போல, மிக மெதுவாகக் கேட்டாள்.

"நானும் சுவிஸ்தானே, அப்பா?"