ஏழு மில்லிமீட்டர்

திரையில், கீழ்த்தாடை முன்னால் துருத்திய மண்டை ஓட்டின் படம் மெல்லச் சுழன்றது. பெயர் கிடையாது, எண் மட்டும். ஆபரேஷனுக்கு முன்பே தாடையைக் கணினியில் வெட்டி, நகர்த்தி, திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அதே படத்தைத் தன் அறையில் பார்த்தபடி பெரிய டாக்டர் போனில் விடாப்பிடியாக நின்றார்.

“கீழ்த்தாடையை மட்டும் ஏழு மில்லிமீட்டர் பின்னாடி தள்ளும்மா. ஒரு தாடையை வெட்டினாலே வேலை முடிஞ்சிடும்.”

“தள்ளினா நாக்கும் கூடவே பின்னாடி போகும் சார். மூச்சுப்பாதை எப்படிக் குறுகுது பாருங்க. கீழ்த்தாடை நாலு பின்னாடி, மேல்தாடை மூணு முன்னாடி. பல்லும் பொருந்தும், மூச்சும் தாராளமா போகும்.”

“ரெண்டையும் வெட்டணுமே. இருபது வருஷமா கத்தி பிடிக்கிறவன் சொல்றேன், கேளு.”

“உங்களுக்குச் சீக்கிரம் முடியும் சார். அந்த மனுஷன் ஆயுசுக்கும் குறட்டை விடுவார். பக்கத்துல படுக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க? ஏழுன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”



“சரி, உன் திட்டத்தையே அனுப்பு. ஜூனியர்கிட்ட கொடுத்துடறேன்.”

“ஏன் சார், நீங்க பண்ணலையா?”

“எப்படிம்மா பண்றது? மேசையில படுக்கப் போறதே நான்தானே.”