நீலச் சாயம்

ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட வந்த டாக்டரம்மா, போட்டு முடித்த ஒவ்வோர் ஆட்டின் நெற்றியிலும் நீலச் சாயத்தைத் தொட்டு வைத்தாள். ஒரே ஆட்டுக்கு இரண்டு முறை குத்திவிடக் கூடாது அல்லவா. ஆடுகளைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே வெள்ளைக்கண்ணு வாய் ஓயாமல் பேசினான். பெண்டாட்டி செத்த பிறகு அந்தக் கரட்டடி ஆட்டுப்பட்டியில் அவன் பேச்சுக்குக் காது கொடுத்ததெல்லாம் ஆடுகள்தான். கடைசி ஆடும் முடிந்து, அவள் வண்டி கிளப்பிய புழுதியும் அடங்கியபோது பட்டி வெறிச்சென்று கிடந்தது. மறுநாள் விடிந்ததும் குட்டைக்கொம்புக் கிடாயைக் கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, அதன் நெற்றியைத் தோள்துண்டால் அழுத்தி அழுத்தித் துடைத்தான். பிறகு போன் செய்தான். "ஒண்ணு விட்டுப்போச்சும்மா."

வெயில் ஏறுமுன் வந்துவிட்டாள். ஊசிமருந்து இருந்த ஐஸ்பெட்டியைத் திறந்தவளின் கண் அவன் தோள்துண்டில் நின்றது. துண்டெல்லாம் நீலம். அவன் அதை உருவிச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான். அவள் பெட்டியை மூடினாள். சாயத்தை மட்டும் எடுத்துக் கிடாயின் நெற்றியில் வைத்தாள்.

"இந்தச் சாயம் நிக்கவே மாட்டேங்குதுண்ணே" என்றாள். "நாளைக்கும் வந்து பாக்கணும்போல."