பிள்ளையார் சுழிக்குக் கீழே

ஜெயசித்ரா முந்திரி விற்கும் இணையதளம் மூன்று நாளாக வேறு ஏதோ மொழியில் திறந்தது. கொக்கி கொக்கியாக எழுத்துகள். மொழி மாற்றும் பொத்தானை அழுத்தி அழுத்தி விரல்தான் வலித்தது. ஆர்டர்கள் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன.

நான்காம் நாள் காலை பஸ் ஏறி, தளத்தை அமைத்துக் கொடுத்த அறிவரசனைத் தேடிப் பெரம்பலூருக்கே போய்விட்டாள். அவன் தன் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தான்.

"தமிழ்லதானேக்கா இருக்கு? முழு முந்திரி, அரைக் கிலோ. இந்தா பாருங்க."

அவன் விரலுக்கு அடியில் கொக்கிகள்தான் இருந்தன.

"வெளையாடாத தம்பி."

பக்கத்து மேசையில் வேலை செய்த சத்யப்பிரியாவைக் கூப்பிட்டான். அவளும் அதையே தடங்கலில்லாமல் வாசித்தாள்.

ஜெயசித்ராவுக்கு அழுகை முட்டியது. "என்ன வரணும்னு நானே எழுதித் தரேன்" என்று ஒரு தாளை வாங்கினாள். எப்போதும்போல முதலில் பிள்ளையார் சுழி போட்டாள். அதற்குக் கீழே ஒவ்வொரு வகை முந்திரியின் பேரையும் குண்டு குண்டாகத் தமிழில் எழுதி நீட்டினாள்.

இருவரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அறிவரசன் சுழியின்மேல் விரல் வைத்தான்.

"இது பிள்ளையார் சுழி, தெரியுதுக்கா. கீழ எழுதியிருக்கீங்களே, அது என்ன மொழி?"